கையில் எடுத்துப் பார்த்த சீன அரச பீங்கான்

ஹாங்காங்கில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. பெரும்பாலோர் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பெரிய ஏல நிறுவனங்கள் விற்பனைக்கு முன்பு சில நாட்கள் பொருட்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கின்றன. டிக்கெட் கிடையாது. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கிண்ணத்தை எடுத்துக் காட்டும்படி ஊழியரிடம் கேட்கலாம். மிக அரிதான சிலவற்றைத் தவிர மற்றவற்றை எடுத்துத் தருவார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அப்பால் மட்டுமே பார்க்கக் கிடைக்கும் அரச பீங்கானை இங்கே இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்க்கலாம்.

சரக்குக் காப்பீட்டுத் துறை வேலைக்காகப் பல ஆண்டுகள் அந்த நகரத்தில் இருந்தேன். பீங்கானைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தப் பார்வை நாட்களில் கற்றதுதான். வாங்கியது சொற்பம். சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பணத்தை எடுப்பதற்கு முன்பு, நூறு உண்மையான பொருட்களையாவது கையில் எடுத்துப் பாருங்கள். எடையையும் விளிம்பையும் கண்ணாடி போன்ற மேற்பூச்சான மெருகையும் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். புத்தகப் படத்தில் அது எதுவும் கிடைக்காது.

எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மேசையில் கம்பளித் துணி விரித்திருப்பார்கள்; பொருள் அந்தத் துணிக்கு மேலேயே, ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும். விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். பார்த்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட வேண்டும். அவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். சுண்டி ஓசை கேட்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் ஒன்று ஓடியிருந்தால், அந்தச் சுண்டலே அதை நீட்டிவிடும்.

என் மனத்தைப் பிடித்துக்கொண்ட முதல் பொருள் காங்ஷி பேரரசர் (1662–1722) காலத்து மஞ்சள் கிண்ணம். வெளிப்புறம் முழுவதும் முட்டையின் மஞ்சள் கரு நிறம். அதில் இரண்டு பச்சை டிராகன்கள் மேகங்களுக்கு நடுவே தீச்சுடர் விடும் முத்தைத் துரத்திக்கொண்டு கிண்ணத்தைச் சுற்றி ஓடுகின்றன. ஒவ்வொரு காலிலும் ஐந்து நகங்கள். உள்ளே வெள்ளை. அடியில், நீல இரட்டை வட்டத்துக்குள் ஆறு எழுத்துகளில், எந்தப் பேரரசர் காலத்தில் செய்தது என்று சொல்லும் ஆட்சி முத்திரை. கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தபோது, டிராகனின் உடல் வெறும் வண்ணப்பூச்சாக இல்லை என்பது விரல் நுனியில் தெரிந்தது. சுடுவதற்கு முன், ஈரம் காய்ந்த களிமண்ணில் கூர்முனையால் செதில் செதிலாகக் கீறியிருக்கிறார்கள். அதன் பிறகு உயர்ந்த வெப்பத்தில் ஒரு சூடு. மஞ்சளும் பச்சையும் தீட்டியபின் குறைந்த வெப்பத்தில் இன்னொரு சூடு. கீறலுக்குள் பச்சை தேங்கிய இடமெல்லாம் கறுத்துத் தெரிகிறது. அதனால்தான் கோடு தனியாக வரைந்தது போல இருக்கிறது. வாலுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் பச்சை கோட்டைத் தாண்டி ஒரு மயிரளவு வழிந்திருந்தது. கீறியவர் ஒருவர், நிறம் தீட்டியவர் இன்னொருவர் என்பதை அந்த இடம் காட்டிக்கொடுத்தது. ஒளியில் திருப்பினால் பச்சையின் மேல் மெல்லிய வானவில் சாயல்.

அந்தக் கிண்ணம் யாருக்கானது என்பதையும் நிறமே சொல்லிவிடும். காங்ஷியின் வம்சமான சிங் அரண்மனையில் பெண்களின் தரவரிசைக்கு ஏற்பப் பீங்கானின் நிறம் விதிக்கப்பட்டிருந்தது. உள்ளும் புறமும் மஞ்சள் என்றால் பேரரசிக்கு. வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை என்றால் அடுத்த நிலையில் இருந்த தலைமைத் துணைவிக்கு. மஞ்சளில் பச்சை டிராகன் அதற்கும் அடுத்த இரண்டு நிலைத் துணைவியருக்கு. நீலத்தில் மஞ்சள் டிராகன், பச்சையில் ஊதா டிராகன் என்று வரிசை கீழே இறங்கும். நான் ஏந்தியிருந்த பாத்திரத்தில் ஒரு பெண்ணின் மதிப்பு எழுதப்பட்டிருந்தது. அழகை ரசித்துக்கொண்டிருந்தபோதே அந்தச் செய்தி எனக்குக் கனமாகத்தான் இருந்தது. இன்றும் மஞ்சள் கிண்ணங்களைப் பார்க்கும்போது அதை மறக்க முடிவதில்லை.

இந்தப் பொருட்கள் எல்லாம் ஜியாங்சி மாகாணத்தில் உள்ள ஜிங்டெசென் நகரத்திலிருந்து பெய்ஜிங் சென்றவை. பீங்கான் கல்லும் கயோலின் என்ற வெள்ளை மண்ணும் சேர்ந்த கலவை, சுமார் 1,300 டிகிரி வெப்பம், சூளை வாயை அடைத்த பிறகு யாராலும் எதையும் திருத்த முடியாத காத்திருப்பு. சிங்குக்கு முந்தைய மிங் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1637-இல் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, ஒரு கோப்பை முழுமையடைய 72 பேர் கைகளைக் கடக்க வேண்டும் என்கிறது. அரச சூளையின் கண்டிப்பு அதற்கும் மேலே. மிங் காலத்தில் சிறு பிசகு இருந்தாலும் பொருளை உடைத்துச் சூளை வளாகத்திலேயே புதைத்தார்கள். வெளியே ஒருவர் கையிலும் அது சிக்கக் கூடாது. 1980-களில் அரச சூளை இருந்த சூஷான் குன்றுப் பகுதியைத் தோண்டியபோது குவியல் குவியலாக வந்த உடைசல்களை ஒட்டவைத்து இன்று அந்த ஊரிலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வாய்ப்பு இருப்பவர்கள் அவசியம் போக வேண்டிய இடம் அது. முழுப் பாத்திரத்தில் ஒளிந்திருக்கும் எல்லாமும் உடைந்த பாத்திரத்தில் வெளியே தெரியும்: சுவரின் கனம், மண்ணின் வெண்மை, மெருகு எவ்வளவு தடிமனாக உட்கார்ந்திருக்கிறது, நீலம் மெருகுக்குக் கீழே எப்படிக் கசிந்திருக்கிறது. நிராகரிக்கப்பட்ட அந்தத் துண்டுகளில் ஒரு மணி நேரம் செலவிட்டது எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது. ‘இதில் என்ன குறை கண்டார்கள்?’ என்று ஒவ்வொன்றிலும் தேடினேன். சிலவற்றில் கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. அரச தரம் என்பதன் அளவு அங்கேதான் புரிந்தது.

இனி முத்திரை. புதிதாக வருபவர்கள் முதலில் கிண்ணத்தைக் கவிழ்த்து ஆறு எழுத்துகளைத்தான் தேடுகிறார்கள். பார்வை அறையில் எனக்குப் பழக்கமான ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஐம்பது ஆண்டுகளாகச் சேகரிப்பவர், முத்திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டுதான் கிண்ணத்தை என் முன்னே வைப்பார். “எந்தக் காலம் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு கையை எடுக்கிறேன்” என்பார். அவருடைய முறையில் நியாயம் இருந்தது. முத்திரை எழுதுவது பீங்கானிலேயே எளிதான வேலை. மேலும், பழைய ஆட்சியின் பெயரை எழுதுவது எப்போதுமே ஏமாற்றுவதற்காக நடந்ததில்லை. 1677-இல் காங்ஷியின் பெயரைப் பாத்திரங்களில் எழுதக் கூடாது என்று உள்ளூர் அதிகாரி தடை விதித்தார். உடைந்து குப்பையில் கிடக்கும் பாத்திரத்தில் பேரரசர் பெயர் இருக்கலாகாது என்பது காரணம். அந்தக் காலத்துப் பொருட்கள் பலவற்றில் மிங் பேரரசர் செங்ஹுவாவின் பெயர் மரியாதையாக எழுதப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் காங்ஷியின் பெயரையே மற்றவர்கள் எழுதினார்கள். ஆக, முத்திரை சொல்லும் காலமும் உடல் சொல்லும் காலமும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. உடலைப் படிக்கத் தெரியாதவருக்கு முத்திரையால் பயனில்லை.

உடலைப் படிக்க அடியிலிருந்து தொடங்குங்கள். மெருகு பூசாத அடி விளிம்பில்தான் மண் வெளியே தெரியும். யோங்செங் (1723–1735) காலத்து நல்ல கிண்ணத்தில் அந்த விளிம்பு மிருதுவாக, உருண்டையாக, விரல் வழுக்கிக்கொண்டு போகும்படி தேய்க்கப்பட்டிருக்கும். சீனச் சேகரிப்பாளர்கள் இதை அயிரை மீனின் முதுகு என்கிறார்கள். மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளிம்பில் கூர்மை இருந்தாலோ, புதுச் சுண்ணாம்பு போல உலர்ந்து இருந்தாலோ, பழுப்புச் சாயம் தடவியது போல ஒரே சீராக அழுக்கேறியிருந்தாலோ நிதானியுங்கள். உண்மையான பழக்கத் தேய்மானம் சீராக இருக்காது. கிண்ணத்தின் உள் அடியில், கரண்டி பட்ட இடத்தில், கீறல்கள் பல திசைகளில் ஓடும். ஒரே திசையில் ஓடினால் அது உப்புத்தாள் வேலை.

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். வண்ணக் கோடு சிறு சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. மெருகின் மேற்பரப்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் அமிலத்தால் பளபளப்பைக் குறைத்திருக்கலாம். அடுத்து ஒரு புற ஊதா டார்ச். பழுது பார்த்த இடத்தில் பூசிய பிசின் பெரும்பாலும் அந்த ஒளியில் வேறு நிறமாகத் துலங்கும். மேற்கு நாடுகளில் பல ஜாடிகளின் அடியில் துளையிட்டு மேசை விளக்காக்கியிருந்தார்கள். பிறகு அந்தத் துளையை அடைத்து விற்பார்கள். உடைந்த கழுத்தை அறுத்துச் சமன் செய்து புது வாய் பூசியதும் உண்டு. ஏல நிறுவனத்திடம் பொருளின் நிலை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சேத அறிக்கைகளைப் படித்தே சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: அதில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதைக் கேள்வியாகக் கேளுங்கள். ‘கழுத்தில் பழுது உண்டா? பொன்பூச்சு பழையதா?’ என்று குறிப்பிட்டுக் கேட்டால் குறிப்பிட்ட பதில் எழுத்தில் வரும்.

அறிவியல் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மண் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைக் கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்குப் பாத்திரத்திலிருந்து துளையிட்டு மண் எடுக்க வேண்டும். மெல்லிய அரச பீங்கானுக்கு அதுவே சேதம். கிடைக்கும் விடையும் யோங்செங் காலமா, அவருக்கு அடுத்த பேரரசர் சியன்லோங் காலமா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நுட்பமாக இருக்காது. கண்ணும் கையும் ஆவணமும் சேர்ந்துதான் முடிவு சொல்ல வேண்டும்.

போலிகளைப் பற்றிப் பேசும்போது கோபத்தை விட மரியாதையே எனக்கு மேலோங்குகிறது. ஜிங்டெசென்னில் ஃபான்ஜியாஜிங் என்ற பகுதி, பழங்காலப் பாணியில் பாத்திரம் செய்வதற்குப் பேர்போனது. அங்கே செங்ஹுவா காலத்துச் சேவல் கோப்பையைப் பல தரங்களில் செய்து அடுக்கியிருப்பார்கள். மலிவானதையும் மிக நல்லதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவானதில் சேவலின் வால் ஒரே அழுத்தத்தில் தடித்து இறங்கும். நல்லதில் தூரிகை அழுந்தி, மெலிந்து, மேலே எழும்பிய இடம் தெரியும். தூரிகைக் கோட்டின் உயிரோட்டம் என்றால் என்ன என்பதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். புதியது என்று சொல்லியே விற்கும் நேர்மையான கடைகளில் இரண்டு கோப்பைகள் வாங்கி வந்தேன். தினமும் தேநீர் குடிக்கிறேன். நல்ல கைவேலை. திங்கட்கிழமை விடியலுக்கு முன் அந்த ஊரில் கூடும் பழம்பொருள் சந்தையில், டார்ச் வெளிச்சத்தில், உடைந்த ஓடுகள் விற்பார்கள். வேடிக்கை பார்க்கலாம். ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: 1911-க்கு முந்தைய கலைப்பொருட்களைச் சீனாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்லப் பொதுவாக அனுமதி இல்லை. அங்கே ஒருவர் சியன்லோங் அரச ஜாடி என்று நீட்டினால், ஒன்று அது போலி, அல்லது அதைக் கொண்டுவருவது குற்றம்.

சேவல் கோப்பை என்றதும் எல்லோரும் விலையைத்தான் கேட்பார்கள். வாய் அகலம் 8.2 சென்டிமீட்டர். செங்ஹுவா (1465–1487) காலம். மெருகுக்குக் கீழே நீலத்தில் வரைகோடு, மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறங்களை நிரப்பி இரண்டாவது சூடு. சேவல், பெட்டை, குஞ்சுகள், பாறை, பூச்செடி. தனியார் வசமிருந்த ஒன்று 1999-இல் 2.917 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. 2014-இல் அதையே ஷாங்காய் சேகரிப்பாளர் லியு யிசியன் 28.12 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கினார். கிரெடிட் கார்டை 24 முறை தேய்த்துப் பணம் கட்டி, அந்தக் கோப்பையிலேயே தேநீர் குடித்தார். அந்தப் படத்தைப் பார்த்துக் கொதித்தவர்கள் ஏராளம். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. குடிப்பதற்காகச் செய்த கோப்பை அது.

இந்த ஏறுமுகத்தைக் கண்டு இதை முதலீடு என்று நினைத்துவிடக் கூடாது. யோங்செங் காலத்துக் கிண்ணம் ஒன்றின் கதையை வைத்துப் பாருங்கள். தகைவிலான் என்ற சின்னப் பறவைகள் இரண்டு, பூத்த ஆப்ரிகாட் கிளைக்கும் வில்லோ மரத்துக்கும் நடுவே பறக்கின்றன. பக்கத்தில் ஒரு கவிதை. ஜிங்டெசென்னில் வெள்ளையாகச் சுட்டு, பெய்ஜிங் அரண்மனைப் பட்டறையிலேயே எனாமல் தீட்டிய வகை. இது 2006-இல் சுமார் 15.1 கோடி ஹாங்காங் டாலருக்கு விற்றது. 2023-இல் சுமார் 19.8 கோடிக்கு. 17 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு இரண்டு சதவீதம்கூட வரவில்லை. சென்னையில் வங்கி வைப்புநிதியில் போட்டிருந்தால் அதைவிட மேல். மேலும், ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை சேரும். விற்கும்போது அதை முதலில் மீட்க வேண்டும். செய்தித்தாள் விலையையும் அப்படியே நம்பாதீர்கள். 2010-இல் லண்டன் புறநகரான ரைஸ்லிப்பில் ஒரு சியன்லோங் ஜாடிக்கு 4.3 கோடி பவுண்டு வரை கேட்பு ஏறியது. கேட்டவர் பணமே கட்டவில்லை. சில ஆண்டுகள் கழித்து வேறொருவருக்கு, அதைவிட மிகக் குறைந்த தொகைக்குத்தான் கைமாறியது. இன்று பெரிய விலைப் பொருட்களுக்குக் கை தூக்க முன்பணம் கட்டச் சொல்வதன் நியாயம் இதுதான்.

அந்தத் தகைவிலான் கிண்ணத்துக்கு மதிப்பைக் கூட்டியதில் அதன் வரலாற்றுக்கும் பங்குண்டு. சீனாவில் வணிகம் செய்த லிடெல், அமெரிக்கச் செல்வச் சீமாட்டி பார்பரா ஹட்டன், வணிகர் ஜே. டி. தாய், ஹாங்காங்கின் தியன்மின்லோ சேகரிப்பு, ஆலிஸ் செங் என்று கை மாறிய வழி ஆவணமாக இருக்கிறது. யார் வைத்திருந்தார், எந்த ஏலப் பட்டியலில் படம் வந்தது, அடியில் எந்தப் பழைய சீட்டு ஒட்டியிருக்கிறது என்று தேடுங்கள். சீட்டைப் பிய்த்து எறியாதீர்கள். போலி ஜாடி செய்பவரால் 1929-ஆம் ஆண்டின் விற்பனைப் பட்டியலுக்குள் புகுந்து படம் வைக்க முடியாது.

இந்த வரலாற்றைத் தேடினால் மனத்துக்குச் சங்கடமான இடங்களும் வரும். அரண்மனையிலிருந்து இவை எப்படி வெளியே வந்தன? சில பரிசாகப் போயின. சில, சிங் குடும்பம் கடனுக்கு ஈடாக வங்கியில் வைத்து மீட்காமல் போனவை. 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடை அரண்மனையைச் சூறையாடி எரித்தன. 1900-இல் பல நாட்டுப் படைகள் மறுபடியும் சூறையாடின. 1860 படையெடுப்பில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவும் சென்றது. நம் ஊர் ஆட்கள் அந்தப் போரில் கூலிக்கு நின்றவர்கள். ஒரு பொருளின் வரலாறு ‘1860, கோடை அரண்மனை’ என்று பெருமையாகத் தொடங்கினால் நான் அதைத் தொடுவதில்லை. சட்டப்படி தடை இல்லாத இடங்களில்கூட, கொள்ளையை விற்பனை விளம்பரமாக்குவதற்கு என் பணம் போகக் கூடாது என்பது என் முடிவு.

நிபுணர்களும் கருத்து வேறுபடுவார்கள். 2022-இல் பிரான்சின் ஃபோந்தேன்புளோவில், நீல வெள்ளை டிராகன் ஜாடி ஒன்று இருபதாம் நூற்றாண்டுப் பொருள் என்று 2,000 யூரோ மதிப்பீட்டில் வைக்கப்பட்டு, 77 லட்சம் யூரோவுக்குக் கேட்பு போனது. மதிப்பிட்ட நிபுணர் தன் கருத்தில் மாறவில்லை. இரண்டு பேர் மோதிக்கொண்டால் விலை ஏறும். விலை ஏறியதாலேயே பொருள் பதினெட்டாம் நூற்றாண்டாகிவிடாது.

சம்பளக்காரர் எதை வாங்கலாம்? குவாங்ஷு (1875–1908) ஆட்சி முத்திரையும் அதே காலத்து உடலும் கொண்ட சிறு தட்டுகள், கிண்ணங்கள். அதே அரச சூளை, அதே வடிவங்களின் தொடர்ச்சி, காங்ஷி, யோங்செங், சியன்லோங் மூவரின் காலத்துப் பொருட்களை விடப் பல மடங்கு குறைந்த விலை. அடுத்தது, விரிசல் விழுந்த நல்ல பொருள். மயிரிழை விரிசல் ஒன்று விலையைப் பாதாளத்துக்குத் தள்ளும். தூரிகை வேலையோ அப்படியே இருக்கும். என்னிடம் இருப்பவை இந்த இரண்டு வகைதான். இந்தியாவுக்குக் கொண்டுவருபவர்கள் ரசீது, சுங்க ஆவணம், புகைப்படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளைத் தாண்டிய பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. விற்கத் திரும்ப ஹாங்காங் கொண்டுபோகலாம் என்ற கணக்கு பலிக்காது.

காசு செலவில்லாமல் தொடங்க விரும்புபவர்களுக்கு லண்டனில் ஓர் அறை இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 95-ஆம் அறை, அனுமதி இலவசம். 1892-இல் பம்பாயில் பிறந்த சர் பெர்சிவல் டேவிட் சேகரித்த ஏறத்தாழ 1,700 பொருட்கள் அங்கே அடுக்கடுக்காக நிற்கின்றன. சிங் வம்சத்தார் பெய்ஜிங் வங்கியில் ஈடு வைத்தவற்றிலிருந்து அவர் வாங்கியவையும் அவற்றில் உண்டு. 1351 என்று ஆண்டு பொறித்த நீல வெள்ளை ஜாடி இணையும், மேலே சொன்ன தகைவிலான் கிண்ணத்தின் ஜோடியும் அங்கேதான். கூட்டம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் போங்கள். லென்ஸ் கண்ணாடிக்கு வெளியே பயன்படாது என்பதால் சிறிய இருகண் நோக்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.